கறுப்புத் துணியில் ஒரு கட்டு மண்

செஜு, உங்குஜா தீவு
9 ஆகஸ்ட் 1991

சிமாய் அண்ணாவுக்கு,

ஸலாம். சொல்லாமல் தொடங்கக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. தார் எஸ் ஸலாமில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தையல் மிஷின் மிதித்துக்கொண்டே தங்கையின் வயலை ஊருக்குத் தூக்கிக் கொடுத்தவனுக்கு என்ன குறை இருக்கப் போகிறது?

இன்று காலை நான் குட்டையில் சர்க்கரைவள்ளிக்கொடி நட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் முழுக்க வற்றி, சேறு காலில் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது. மகாமே வந்தான். மாங்காய் திருடி அப்பாவிடம் அடி வாங்குவானே, அவன்தான். இப்போது மீன் வளர்ப்புச் சங்கத்துக்குச் செயலாளர். கூட வந்த ஆட்கள் நான் நட்ட கொடியை மிதித்துக்கொண்டே அளவுநாடா பிடித்துக் கோல் நட்டார்கள்.

"யாரக் கேட்டு இங்க கோல் நடுறீங்க?" என்றேன்.

"உங்க அண்ணனக் கேட்டுத்தான் கிடாவாக்கா. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. ஆழமா வெட்டி, ஊத்துக் குகையிலேருந்து வாய்க்கால் இழுத்து விட்டா வருஷம் பூரா தண்ணி நிக்கும். திலாப்பியா விடப் போறோம். நீங்க சந்தோஷப்படணும்."

"இது வத்துற குட்டை. வத்துறதாலதான் நான் சாப்பிடுறேன்."

"வத்துற குட்டையில என்னக்கா இருக்கு? ஒரு மீன் உண்டா?"

மழைக்கு அதில் வருகிற செவ்வால் மீன் இல்லாமல் பல்லியா என்று கேட்டேன். அவன் சிரித்தான். உன் கையெழுத்து அவன் சட்டைப் பையில் இருக்கும்போது அவன் ஏன் சிரிக்க மாட்டான்.

அப்பா போன பிறகு அந்தப் பள்ளம் உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. மார்க்கம் சொன்ன கணக்கு, நான் எதிர்க்கவில்லை. உன் இரண்டு பங்கை நீ யாருக்கு வேண்டுமானாலும் கொடு. என் ஒரு பங்கு எங்கே? தண்ணீரில் கோடு கிழித்துக் கொடுப்பாயா? மழையில் நெல், வெயிலில் வள்ளி, இந்த இரண்டும்தான் என் வீட்டு அடுப்பு. வருஷம் பூரா தண்ணீர் நின்றால் நான் எங்கே நடுவேன், உன் தையல் மேசை மேலா?

கையெழுத்தைத் திரும்ப வாங்கு. வேறு ஒன்றும் எழுதுவதற்கு இல்லை.

கிடாவா

*

காரியாக்கோ, தார் எஸ் ஸலாம்
21 ஆகஸ்ட் 1991

தங்கை கிடாவாவுக்கு,

உன் கடிதத்தை நூருவுக்குப் படித்துக் காட்டலாம் என்று பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன். "என்னங்க, உங்க தங்கச்சி என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "எல்லாரையும் விசாரிச்சிருக்கா" என்றேன். உன்னால் கட்டிய மனைவியிடம் பொய் சொல்கிறேன்.

உனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும் என்று தெரியும், ஆனால் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? வற்றிப் போகிற ஒரு பள்ளம். ஆகஸ்டில் அங்கே தவளைகூட தங்காது. நாலு பேர் சேர்ந்து அதில் நிரந்தரமாகத் தண்ணீர் நிறுத்துகிறேன் என்கிறார்கள். கை அகல மீன் வளரும், தேங்காய்ப் பாலில் போட்டால் ஊருக்கே மணக்கும். சங்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. அது உனக்கும்தான் சேரும். நல்லது செய்தவனை இப்படியா வைவாய்?

செவ்வால் மீனைப் பற்றி எழுதியிருக்கிறாய். சிரிப்பு வந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஒன்று. குழம்புக்கும் ஆகாது, வறுக்கவும் ஆகாது. மழையோடு விழுகிறது, வெயிலோடு போகிறது. அதற்காகவா சண்டை?

உன்னைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். மகாமே இங்கே கடைக்கே வந்து காகிதத்தை நீட்டினான், மதியம் சட்டை தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரம் வேறு. அண்ணன் போட்டால் தங்கை போட்ட மாதிரிதானே என்று போட்டேன். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. போட்டதைத் திரும்பக் கேட்டால் ஆம்பிளை என்று என்னை யார் மதிப்பார்கள்?

மாப்பிள்ளை கிராம்பு பறிக்கப் பெம்பாத் தீவுக்குப் போய்விட்டாரா? அவர் இருந்திருந்தால் உன் பேனாவைப் பிடுங்கி வைத்திருப்பார்.

சிமாய்

*

செஜு
2 செப்டம்பர் 1991

அண்ணா,

அவர் பெம்பாவில்தான் இருக்கிறார். இருந்திருந்தால் பேனாவுக்கு மை ஊற்றிக் கொடுத்திருப்பார். அவருடைய பெயரை இழுக்காதே.

மழையோடு விழுகிறதாம். என் வீட்டுக் கூரையில் இதுவரை ஒன்றாவது விழுந்திருக்கிறதா? பள்ளிவாசல் முற்றத்தில்? மகாமேயின் தலையில்? அந்த ஒரு குட்டையைப் பார்த்துப் பார்த்து விழ வானத்துக்குக் கண் இருக்கிறதா? நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது உனக்கு. இதை எழுதக் கூச்சமாக இல்லையா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. போன வருஷம் அடுப்பு பூச அந்தக் குட்டை மண்ணை வெட்டிக் கொண்டுவந்து ஒரு சட்டியில் போட்டு வைத்தேன். மறந்துபோய்விட்டது. மாதக்கணக்காகக் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. மார்ச்சில் மழை பெய்து கூரைத் தண்ணீர் சட்டியில் விழுந்தது. சில நாள் கழித்துப் பார்க்கிறேன், உள்ளே குஞ்சு. நான் போடவில்லை, யாரும் போடவில்லை. மாசம் திரும்புவதற்குள் ஆணுக்கு வால் சிவந்துவிட்டது.

மண்ணுக்குள் முட்டை இருக்கிறது அண்ணா. சேற்றுக்குள் இட்டுவிட்டுத்தான் அது சாகிறது. குட்டை வற்றும்போது பெற்றவை எல்லாம் செத்துப்போகும், முட்டை காய்ந்த மண்ணில் காத்துக் கிடக்கும். வற்றினால்தான் அதற்கு வாழ்வு. வருஷம் பூரா தண்ணீர் நிறுத்தினால் முட்டை பொரியாது. பொரிந்தாலும் உன் கை அகல மீன் அதைத் தின்று தீர்க்கும். அப்புறம் இங்கே பெருகப் போவது கொசுதான். இவ்வளவு நாள் நெல்லுக்குள் கொசுப்புழுவைத் தின்றது யார் என்று நினைத்தாய், மகாமேயா?

இன்னொன்றும் உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஒரு நாளும் விதைத்ததில்லை. செஜுவில் எந்தப் பெண்ணும் முதல் மழைக்கு நெல் தூவ மாட்டாள். குட்டையில் செவ்வால் கண்ணில் பட வேண்டும், நிறையப் பட வேண்டும். அப்போதுதான் மண் அடிவரை நனைந்திருக்கிறது, தண்ணீர் நிற்கும் என்று அர்த்தம். பொய் மழைக்கு நாலைந்துதான் வரும், மற்றது வராது. எல்லா முட்டையும் முதல் மழையை நம்பிவிடுவதில்லை. உன்னைப் போல யார் காகிதம் நீட்டினாலும் நம்பிவிடுகிற ஜாதி இல்லை அது.

நம்பாவிட்டால் போ என்று விட மனசு வரவில்லை. குட்டை மண்ணில் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். படகில் போகிற ஊஸ்ஸி இன்று காலையே கிளம்பிவிட்டான். கடிதம் எழுதி முடிக்கவில்லை, மண்ணை மட்டும் கொடுத்தேன். கடிதம் தபாலில் வரும். ஒரு தொட்டியில் போட்டு மழைத் தண்ணீர் ஊற்றிப் பார். குழாய்த் தண்ணீர் வேண்டாம். பார்த்துவிட்டு, உனக்கு மனசு என்று ஒன்று இருந்தால், கையெழுத்தைத் திரும்ப வாங்கு.

கிடாவா

*

காரியாக்கோ
14 செப்டம்பர் 1991

கிடாவா,

என்ன காரியம் செய்தாய்?

உன்னிடமிருந்து கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஊஸ்ஸி பட்டறைக்கு வந்து ஒரு மூட்டையை வைத்துவிட்டு, "தங்கச்சி குடுத்துச்சு" என்று போய்விட்டான். நூருதான் பிரித்தாள். கறுப்புத் துணியில் மண். கறுப்புத் துணி, கிடாவா. மூன்று முடிச்சு. உள்ளே காய்ந்த மண்ணும் நெல் உமியும். உமிக்குள் ஒரு செத்த மீனின் முள்.

அவள் போட்ட கூச்சலில் எதிர் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "சொத்துச் சண்டைக்கு உங்க தங்கச்சி சூனியம் வெச்சு மண்ணு கட்டி அனுப்பிட்டா, என் வீட்ட மூடப் பாக்குறா" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்படியெல்லாம் இருக்காது என்றேன். "அப்ப எதுக்கு அனுப்புனா, சொல்லுங்க" என்றாள். நான் என்ன சொல்வது? நீதான் சொல்லவில்லையே. இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நானும்தான் நினைத்தேன்.

மந்திரித்துக் கழிப்பு எடுக்கிற வைத்தியர் வந்தார். தூக்கி எறியக் கூடாது, எறிந்த இடத்திலிருந்து வேலை செய்யும் என்றார். அகலமான மண்தொட்டியில் கொட்டி, வானத்துத் தண்ணீர் ஊற்றி, குங்குமப்பூ மையில் குர்ஆன் வசனம் எழுதிக் கழுவிய நீரில் கொஞ்சம் தெளித்து, மூடி வைக்க வேண்டுமாம். ஒரு வாரம் கழித்துக் கடலில் கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டுமாம். பக்கத்துத் தொட்டியில் போன மழைத் தண்ணீர் இருந்தது, அதை ஊற்றினோம். இப்போது என் வீட்டு முற்றத்தில், துணி காயப் போடும் கயிற்றுக்குக் கீழே, உன் மண் ஊறிக்கொண்டிருக்கிறது.

ஒரு குட்டைக்காகக் கூடப் பிறந்தவனை இப்படிச் செய்வாயா? மகாமேக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வெட்டட்டும்.

சிமாய்

*

செஜு
26 செப்டம்பர் 1991

அண்ணனுக்கு,

நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது. அது மட்டும் எப்படியோ சீக்கிரம் வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை இயந்திரம் வந்தது. என் வள்ளி விரல் பருமன் பிடித்திருந்தது. கொடியோடு புரட்டித் தள்ளினார்கள். நான் கரையில் நின்று கத்தினேன். இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்கவில்லை, கேட்டமாதிரி கையை மட்டும் ஆட்டினான்.

பில்லி சூனியம் வைத்தேன் என்கிறாய். அது நான் வயலுக்குக் கட்டிக்கொண்டு போகிற துணி. சேறு தெரியாமலிருக்கத்தான் கறுப்பு. இந்த ஊரில் எந்தப் பெண் வெள்ளையில் நாற்று நடுகிறாள்? உமி எப்படி வந்தது என்று கேட்கிறாயா? நெல் விளைந்த மண்ணில் உமி இல்லாமல் முத்தா இருக்கும்? முடிச்சு மூன்று போட்டேன், ஏனென்றால் இரண்டு போட்டால் படகில் அவிழ்ந்துவிடும். தையல்காரனுக்குத் துணியையும் முடிச்சையும் நான் விளக்க வேண்டியிருக்கிறது.

நீ என் வாயில் மண்ணைப் போட்டாய். நான் உன் வாசலில் வைத்ததற்கே இந்தக் குதி குதிக்கிறாய்.

அந்த மண்ணில்தான் நீ வளர்ந்தாய். அதைப் பார்த்தா பயந்தாய்? நூருவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் வேறு ஊர்க்காரி, என்னைப் பார்த்ததே இரண்டு தடவை. நீ? நானும்தான் நினைத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

தபாலில் போட்ட கடிதம் வந்து சேர்ந்தால் படி. சேராவிட்டால் விடு. கடலில் கவிழ்த்திருப்பாய். உப்புத் தண்ணீரில் எல்லாம் முடிந்திருக்கும்.

கிடாவா

*

காரியாக்கோ
8 அக்டோபர் 1991

கிடாவா,

கவிழ்க்கவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் முடிந்து வைத்தியர் வந்து மூடியைத் திறந்தார். நான் விளக்கைக் காட்டினேன், ஏனென்றால் முற்றம் இருட்டு. தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட மாதிரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண். நூரு ஒரே ஓட்டமாக வெளியே ஓடினாள். வைத்தியர் குனிந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது என் கைக்கு மிஞ்சின வேலை" என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார், இன்னும் வந்து எடுக்கவில்லை.

நூரு கடலில் கொட்டு என்றாள். விடியட்டும் என்றேன். விடிந்ததும் தபால்காரன் உன் பழைய கடிதத்தோடு வந்து நின்றான். உறை மேல் எங்கெங்கோ முத்திரை, அருஷா வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறது. அதைத் தொட்டிப் பக்கத்தில் நின்றே படித்தேன். நூருவுக்கும் சத்தம் போட்டுப் படித்தேன், இந்தத் தடவை எதையும் விடாமல், என்னைத் திட்டியதையும் சேர்த்து. அவள் உறையை வாங்கி முத்திரைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒரு துண்டுத் தாள்ல 'இது குட்டை மண்ணு'ன்னு எழுதி உள்ள வெச்சிருக்கலாம்ல உங்க தங்கச்சி?" என்றாள். நியாயமான கேள்வி. நீ பதில் சொல்.

இப்போது விரல் நகம் அளவுக்கு வளர்ந்துவிட்டன. பதினைந்து இருபது இருக்கும், எண்ண விடுவதில்லை. முற்றத்துத் தொட்டிகளில் கொசுப்புழு இல்லாத தொட்டி அது ஒன்றுதான், அதனால் நூரு மற்றத் தொட்டிகளிலிருந்து புழுவை அரித்து அதில் போடுகிறாள். பயந்தவள்தான் இப்போது சோறு ஊட்டுகிறாள். இரண்டு ஆண்களுக்கு வால் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. சிவந்த அன்றைக்கே ஒன்றை ஒன்று துரத்த ஆரம்பித்துவிட்டன. சின்னது ஒன்று பானை ஓட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வருவதில்லை.

நான் நினைத்தது தப்பு. அதை எழுதிவிட்டேன், இனி நீ குத்திக் காட்டாதே.

ஆனால் கையெழுத்து விஷயம் வேறு. ஒரு சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன், ஊர்த்தலைவர் ஷெஹா சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வெட்டியும் ஆகிவிட்டது. இப்போது போய், என் தங்கை அனுப்பிய மண்ணில் மீன் வந்தது, அதனால் வேண்டாம் என்று நான் சொன்னால் காரியாக்கோ முதல் செஜு வரைக்கும் சிரிப்பார்கள். புரிந்துகொள்.

சிமாய்

*

செஜு
28 அக்டோபர் 1991

அண்ணா,

புரிந்தது. ஊர் சிரிக்கும் என்று பயம். ஊர் அழுதால் பரவாயில்லை.

நீ அங்கே தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆணுக்கு வால் சிவந்ததைப் பார்த்துக்கொண்டிரு. இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். வாய்க்கால் திறந்துவிட்டார்கள், மழையும் சேர்ந்துகொண்டது. இடுப்பளவுத் தண்ணீர். திலாப்பியாக் குஞ்சை டின் டின்னாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். என் வயல் மட்டுமில்லை, கீழ்ப்பக்கம் தாத்துவின் துண்டும் முழுகிவிட்டது. அவள் யாரிடமும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அவளுக்கு அண்ணனும் கிடையாது. கரை ஓரப் புல்லில் கொசு அப்பிக் கிடக்கிறது. தாத்துவின் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

மகாமேயிடம் போனேன். "மார்ச்சுல நாங்க எங்க விதைக்கிறது?" என்றேன்.

"அக்கா, இனிமே நீங்க விதைக்க வேண்டாம், மீன் புடிச்சுச் சாப்பிடுங்க" என்றான்.

"ஒனக்கு இதுதான் வேலையா, எங்க சோத்த நீ முடிவு பண்ணுறது?"

"உங்க அண்ணன் முடிவு பண்ணினது. என்கிட்ட ஏன் கத்துறீங்க?"

 அந்த வார்த்தையை அவன் வாயில் வைத்தவன் நீ.

அதனால் வியாழக்கிழமை கரையை வெட்டிவிட்டோம். நானும் தாத்துவும் இன்னும் சிலரும், நல்ல பகலில், மண்வெட்டியோடு போனோம். தெற்குப் பக்கம் பாறை வெடிப்பு இருக்கிறது, அங்கே வெட்டினோம். தண்ணீர் ஒரேயடியாகப் பாறைக்குள் இறங்கிப் போய்விட்டது, சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டதாம். திலாப்பியா சேற்றில் துள்ளியது. ஊர்ப் பிள்ளைகள் கூடையோடு ஓடி வந்தார்கள். எடுத்துப் போகட்டும் என்று விட்டேன். மகாமே வீட்டிலும் அன்றைக்கு மீன் குழம்புதான் என்று கேள்வி.

வாய்க்கால் வாயையும் அடைத்துவிட்டோம். சேற்றில் இன்னும் பொரியாத முட்டை இருக்கலாம். இயந்திரம் புரட்டினது நடுவில்தான், ஓரத்து மண் பழைய மண்தான். காயட்டும். மார்ச்சில் தெரியும்.

ஷெஹா ஆள் அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி ஜும்ஆவுக்குப் பிறகு பஞ்சாயத்து. சங்கத்துச் சொத்தை அழித்தது யார், யார் சொல்லி அழித்தார்கள் என்று விசாரிப்பார்களாம். நகரத்திலிருந்து போலீஸும் வரும் என்று மகாமே சொல்லித் திரிகிறான். தாத்து பயந்து போயிருக்கிறாள். அவளை இழுக்க மாட்டேன். நான்தான் வெட்டினேன், யாரையும் கேட்டு வெட்டவில்லை என்று சொல்லப் போகிறேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

உன் மீனை இங்கே கொண்டு வராதே. பள்ளத்துச் சேற்றில் இன்னும் திலாப்பியா ஒளிந்திருக்கும்.

கிடாவா

*

காரியாக்கோ
5 நவம்பர் 1991

கிடாவா,

இதைத் தபாலில் போடவில்லை. ஊஸ்ஸி கையில் கொடுத்திருக்கிறேன், முடிச்சு எதுவும் இல்லாமல்.

உனக்குப் புத்தி இருக்கிறதா? "யாரையும் கேட்டு வெட்டவில்லை" என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்காரி, மற்ற இரண்டு பங்கும் சங்கத்தோடு இருக்கும்போது, சங்கத்தின் கரையை உடைத்தாள் என்று ஆகும். உள்ளே போடுவார்கள். போலீஸுக்கு மீனும் தெரியாது, முட்டையும் தெரியாது.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. நூரு வந்து, "தங்கச்சிய உள்ள தள்ளிட்டு நீங்க இங்க சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். என் வீட்டிலேயே உன் கட்சி.

ஷெஹாவுக்குத் தனிக் கடிதம் எழுதி ஊஸ்ஸியிடமே கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு விஷயம். ஒன்று, தங்கையைக் கேட்காமல் நான் போட்ட சம்மதம் மார்க்கப்படி செல்லாது, என் இரண்டு பங்குக்கும் சேர்த்து அதைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். திரும்பப் பெற்ற தேதி போன மாதம் இருபது என்று போட்டிருக்கிறேன். நீங்கள் வெட்டியதற்கு முன்னால் வர வேண்டும் அல்லவா? அதற்குத்தான். இரண்டு, கரையை வெட்டச் சொன்னது நான். மூத்தவன் என்ற முறையில் தங்கைக்குச் சொல்லி அனுப்பினேன், அவள் சொன்னதைச் செய்தாள், கூட வந்த பெண்கள் அவள் கூப்பிட்டதற்காக வந்தார்கள்.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். பிடிக்க வேண்டாம். பஞ்சாயத்தில் வாயைத் திறக்காதே. உன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள். ஷெஹா கேட்டால் ஆமாம் என்று சொல், அவ்வளவுதான். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

மீன் இப்போது முட்டையிடுகிறது. கலங்கின குட்டையில் நீ இதைப் பார்த்திருக்க மாட்டாய். ஆண் வந்து பெண்ணை ஒட்டி நிற்கிறது, தன் துடுப்பை அதன் மேல் போர்த்தி அடி மண்ணில் அழுத்துகிறது. இரண்டும் ஒரு உதறு உதறும். ஒரு முட்டை மண்ணுக்குள் போய்விடும். மறுபடி வேறு இடம். நாள் பூரா இதே வேலை, சோறு தண்ணீர் நினைப்பில்லை. பெரிய ஆணுக்கு அதற்குள் முதுகு வளையத் தொடங்கிவிட்டது. பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை, கிழவனாகிவிட்டது. எல்லாம் முடிந்ததும் தண்ணீரை வடித்து மண்ணைக் காய வைக்கிறேன். எப்போது கொண்டுவர வேண்டும் என்று சொல், அப்போது கொண்டுவருகிறேன்.

சிமாய்

*

செஜு
20 நவம்பர் 1991

அண்ணா,

பஞ்சாயத்து முடிந்தது. பள்ளம் நம்முடையதாகிவிட்டது. சங்கம் வேறு ஊரில் இடம் பார்க்கிறது. போலீஸ் வரவில்லை. தாத்துவின் துண்டிலும் தண்ணீர் இறங்கிவிட்டது, அவள் பெண்ணுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் மேலே எழுதப் போவதைப் படித்தால் நீ இதை மறந்துவிடுவாய்.

ஷெஹா உன் கடிதத்தை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். சம்மதம் செல்லாது என்ற இடம் வந்ததும் மகாமே எழுந்து குதித்தான், உட்கார வைத்தார்கள். பிறகு அந்த வரி வந்தது. "என் தங்கை கிடாவா சிறு வயது முதல் என் சொல்லைத் தட்டாதவள்." அதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது? பெண்கள் பக்கம் தாத்து முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள், இருமல் இல்லை அது. ஷெஹாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

"கிடாவா, எல்லாரும் கேட்டாங்க. இது உண்மையா? அண்ணன் சொல்லித்தான் வெட்டுனியா?"

என் கையில் மண்வெட்டிக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். நான் வெட்டினேன், என் வயலுக்காக வெட்டினேன், இவன் அப்போது தொட்டிக்குள் மீன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகாமே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவன் காத்திருந்தான்.

"ஆமா" என்றேன். "அண்ணன் சொல்லித்தான்."

 நீ என் வயலைத் தூக்கிக் கொடுத்தபோதுகூட, சூனியக்காரி என்று நினைத்தபோதுகூட, எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. நான் செய்த ஒரே ஒரு காரியம், யாரையும் கேட்காமல் செய்தது, அதற்கும் நீ பேரை எடுத்துக்கொண்டாய். காப்பாற்றத்தான் செய்தாய், தெரியும். தெரிவதால் கோபம் குறையவில்லை.

ஷெஹா காகிதத்தைக் கிழித்துப் புதுக் காகிதம் எழுதிவிட்டார். அதில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. இனி உண்மையைச் சொன்னாலும் நிலம் எங்கும் போகாது, என்னையும் உள்ளே போட மாட்டார்கள், விசாரித்துவிட்டேன்.

நூருவுக்கு என் ஸலாம். அவள் கேட்டது சரிதான், ஒரு தாள் வைத்திருக்கலாம்.

காய்ந்த மண்ணை எடுத்துக்கொண்டு மார்ச்சில் மழைக்கு முன்னால் வா. அவளையும் கூட்டி வா. ஆனால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நேராக ஷெஹாவின் திண்ணைக்குப் போ. ஆட்கள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. "கரைய வெட்டுனது என் தங்கச்சி, என்னைய ஒரு வார்த்தை கேக்காமத்தான் வெட்டுனா" என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு வீட்டுக்கு வா, சோறு வைக்கிறேன்.

சொல்லாமல் வந்தால் கதவு திறக்காது.

கிடாவா